கார்ட்டூன் பொடியன்களின் ஐந்தாண்டும் என் கொப்பியில் எழுதாத கடனும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அஸர் தொழுதுவிட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தபோது மூன்று இளைஞர்கள் ஓர் அழைப்பிதழை நீட்டினார்கள். ஒருவர் நமது ஹட்டன் டவுன் பிள்ளை. மற்ற இருவரும் டிக்கோயாப் பக்கத்துத் தோட்ட லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள்.

"நானா, எங்க ஸ்டூடியோவுக்கு அஞ்சு வருசம். நீங்க கட்டாயம் வரணும். நீங்கதான் எங்களுக்கு முதல் கஸ்டமர்."

'முதல் கஸ்டமர்' என்ற அந்தச் சொல் எனக்கு இனிக்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். போன் ரிப்பெயார் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் ஓர் அறை, இரண்டு கணனிகள், ஒரு ஹீட்டர். பகலில் ஒருவர் கொமியூனிகேஷன் கடையில் நிற்கிறார். இன்னொருவர் டியூஷன் கொடுக்கிறார். மூன்றாமவர் மரக்கறி லொறிக்காரர் ஒருவருக்குக் கணக்கு எழுதுகிறார். இரவில் மூவரும் கூடிக் கார்ட்டூன் படம் வரைந்து அதை அசைய வைக்கிறார்கள். யாரும் எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் போனவர்கள் அல்லர். காசு கொடுக்காமல் எடுத்துப் பாவிக்கக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளைப் போட்டுக்கொண்டு, யூடியூப் பார்த்துப் படித்தவர்கள்.

விழாவும் அப்படித்தான். மேடை இல்லை, பொன்னாடை இல்லை, பிரதம அதிதி இல்லை. ஒரு டியூஷன் வகுப்பு மண்டபத்தில் கரும்பலகையை மறைத்து வெள்ளைப் படுக்கை விரிப்பு, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர், பிளேன்டீ, வடை. ஐம்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு தாய்மார், கொழுந்தெடுத்து வந்த கையோடு முகம் கழுவி வந்தவர்கள் போல இருந்தார்கள். பிள்ளைகள் இரவெல்லாம் விளக்கை எரித்து என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க வந்திருக்க வேண்டும்.

ஐந்து வருடத்து வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். மஸ்கெலியா பஸ்ஸில் ஆட்டுக்கு டிக்கெட் எடுக்கும் கிழவர். மழையில் கொழுந்தெடுக்கப் போன அம்மாவுக்குக் குடை கொண்டு போகும் சின்னப் பெண், அவள் காலில் ஏறிக்கொண்டு ஓயாமல் பேசும் ஓர் அட்டை. அந்த அட்டைக்குத்தான் கைதட்டல் அதிகம். பிறகு என் கடை விளம்பரம் வந்தது.

முப்பது வினாடி. தீபாவளி முற்பணம் வாங்கிக்கொண்டு ஒரு பாட்டி புடைவைக் கடைக்கு வருகிறாள். பேத்திக்கு, மருமகளுக்கு, மகனுக்கு என்று வாங்கி முடித்துவிட்டுத் தனக்கு எடுக்க மறந்து படியிறங்குகிறாள். தாடியும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு முதலாளி ஓடிவந்து ஒரு பொதியை அவள் கூடையில் வைக்கிறார். தாடி என் தாடி. கண்ணாடி என் கண்ணாடி. சனம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டியது.

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிளேன்டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் இதுதான். 2021 தீபாவளிக்கு அந்த விளம்பரத்தைச் செய்யச் சொன்னபோது பேசிய தொகை 25,000 ரூபா. நான் கொடுத்தது 5,000 ரூபாவும் ஆளுக்கொரு ஷேர்ட்டும். "சீசன் முடியட்டும் தம்பி" என்றேன். சீசன் முடிந்தது. 2022 வந்தது, டொலர் இல்லை, டீசல் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எனக்கு எல்லாம் மறந்துபோனது. ஆனால் அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் போடுவதை மட்டும் நான் மறக்கவில்லை. மூன்று தீபாவளிக்குப் போட்டேன். அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காத கடனைக் கொப்பியில் எழுதும் பழக்கம் நமக்கு எங்கே இருக்கிறது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்வெட்டுக் காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் அவர்களுடைய பழைய கணனியின் ஹார்ட் டிஸ்க் எரிந்து, ஆரம்ப வேலைகள் பல அழிந்துவிட்டன. என் விளம்பரமும் அதில் போனது. பிரதி என் போனில்தான் இருந்தது. அழைப்பிதழ் தந்த அன்றைக்கே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள்!

உருவம் வரைவது பற்றிய மார்க்கத் தீர்ப்பைச் சொல்ல உலமாக்கள் இருக்கிறார்கள்; அதில் நான் தலையிடவில்லை. ஆனால் விளம்பரம் செய்வித்து, அதைக் காட்டிச் சரக்கும் விற்றுவிட்டு, பணம் கொடுக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் கேள்வியைத் தூக்கிப் பிடிக்கும் வர்த்தகர்களை நான் அறிவேன். அது வேறு விஷயம்.

இந்த வேலையின் கணக்கை நம்மில் பலர் அறியமாட்டோம். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. முப்பது வினாடிக்கு 720. ஒரே படத்தை இரண்டு தடவை காட்டிச் சிக்கனம் செய்தாலும் 360 படம் வரைந்தாக வேண்டும். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் 60 மணித்தியாலம். அதாவது எட்டு மணித்தியால வேலைநாள் ஏழரை. 2021இல் தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கிலேயே வரைகிற கூலி மட்டும் 7,500 ரூபா. கதை, நிறம், குரல், ஒலி எல்லாம் வேறு. நான் கொடுத்த 5,000 அந்த முன்வரிசைத் தாய்மாரின் கூலிக்கும் குறைவு. கடையில் கல்குலேட்டரை வைத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இனி நாம் பேச வேண்டிய வியாபார விஷயத்துக்கு வருகிறேன்.

நமது தொழிலில் பழைய சரக்கு என்றால் நஷ்டம். போன வருடத்து டிசைன் சாரி இந்த வருடம் அரை விலை. அதற்கடுத்த வருடம் கிளியரன்ஸ் மேசை. கார்ட்டூன் தொழிலில் நிலைமை நேர்மாறு. நல்ல கார்ட்டூன் பழசாவதே இல்லை. ஏழு வருடத்துக்கு ஒரு தடவை புதிய பிள்ளைக் கூட்டம் வருகிறது. அவர்களுக்கு அது புதுச் சரக்கு.

ரூபவாஹினி 1982இல் ஆரம்பித்தபோது டைட்டஸ் தொட்டவத்தவும் அவருடைய ஆட்களும் அமெரிக்கக் கார்ட்டூன்களை எடுத்துச் சிங்களத்தில் குரல் கொடுத்து ஒளிபரப்பினார்கள். 'டொப் கெட்' என்ற பூனை 'பிஸ்ஸு பூசா' ஆனது. 'பக்ஸ் பனி' முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. 'டொக்டர் டூலிட்டில்' 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆனது. நம் வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் சிங்களத்தில் பேசப் பழகியதில் பள்ளிக்கூடத்தை விடப் பிஸ்ஸு பூசாவுக்குப் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் 1961இல் வெளிவந்த சரக்கு அது. இருபது வருடம் கழித்து இங்கே வந்து மீண்டும் விலைபோனது. நம் கடையில் இருபது வருடத்துச் சரக்கு எதற்காவது அப்படி ஒரு யோகம் உண்டா?

இன்றைய உதாரணம் என் பேத்தி. ஐந்து வயது. எங்கள் வீட்டில் யாருக்கும் மலாய் தெரியாது. அவள் மட்டும் 'பெத்துல், பெத்துல், பெத்துல்' என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். 'ஆமாம்' என்று அர்த்தமாம். 'உப்பின் இப்பின்' என்ற மலேசியக் கார்ட்டூனில் பிடித்தது. அந்த மூன்று இளைஞர்களிடமும் யாரைப் பார்த்து இந்த வேலையில் இறங்கினீர்கள் என்று கேட்டேன். அவர்களும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். அதன் கதையைத் தேடிப் பார்த்தேன். வியாபாரிகள் அறிய வேண்டிய கதை.

மல்டிமீடியாப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய நிசாம், சஃப்வான், உசாமா என்ற மூன்று இளைஞர்களிடம் கார்ட்டூன் செய்யும் ஆசை இருந்தது, பணம் இல்லை. எண்ணெய், எரிவாயுத் துறையில் தொழில் செய்துவந்த புர்ஹானுத்தீன் முஹம்மத் ராட்சியிடமும் அவருடைய மனைவி ஐனோன் ஆரிஃபிடமும் முதல் இருந்தது, கார்ட்டூன் தெரியாது. 2005இல் இரு பகுதியும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பெயர் லெஸ் கொபாக். ஏதோ பிரெஞ்சுப் பெயர் போல் காதில் விழும். உண்மையில் 'கடைசி வாய்ப்பு' என்ற பொருளில் அங்கே பேச்சில் வழங்கும் ஒரு சொல்லைத் திரித்து வைத்த பெயர்.

அவர்களின் நோக்கம் ஒரு முழுநீளப் படம். ஆனால் எடுத்த எடுப்பில் அதில் பணத்தைக் கொட்டிவிடவில்லை. கிராமத்தில் பாட்டியோடும் அக்காவோடும் வளரும் தாய் தந்தையற்ற இரட்டைச் சிறுவர்களை வைத்து, நோன்பு பிடிக்கப் பழகுவது பற்றி ஆறே ஆறு சின்ன அத்தியாயங்கள் செய்தார்கள். 2007 செப்டம்பர் 14, ரமழான் தொடங்கிய கையோடு, டிவி9 அதை ஒளிபரப்பியது. சனம் ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்கும் சாம்பிள் அது. நாம் புது பிராண்ட் ஒன்றை எடுக்கும்போது முதலில் இரண்டு டசின் மட்டும் இறக்கிப் பார்ப்போமே, அதே புத்தி. ஏற்றுக்கொண்டது. அடுத்த ரமழானுக்கு இன்னும் செய்தார்கள். 2009இல் 'கெங்' என்ற அந்த முழுநீளப் படம் மலேசியாவின் முதல் முப்பரிமாண அனிமேஷன் படமாகத் திரைக்கு வந்தது. இரட்டையர் பிறகு இந்தோனேசியா வரை போய்ப் புத்தகப் பை, கொப்பி, விளையாட்டுச் சாமான் என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டார்கள்.

அந்தக் கார்ட்டூன் கிராமத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. முதலாளி பெயர் அங்கிள் முத்து. பிள்ளை பெயர் ராஜூ. நம் மலையகத்து மக்களின் பாட்டன் பூட்டன் புறப்பட்ட அதே தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்துதான் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் ஆள் போனது. மலாய் முஸ்லிம்கள் செய்த கார்ட்டூனில் சீனச் சிறுமி, சீக்கியச் சிறுவன், தமிழ்க் கடைக்காரர் எல்லோரும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள். எல்லா வீட்டுப் பிள்ளையும் பார்த்தால்தானே எல்லா வீட்டுக்கும் பை விற்கலாம்! இதில் நல்ல மனமும் இருக்கிறது, நல்ல மார்க்கெட் புத்தியும் இருக்கிறது. ஹட்டனில் தீபாவளி, பொங்கல், இரண்டு பெருநாள், சித்திரை, வெசாக், நத்தார் என்று ஏழு சீசனிலும் கல்லாப்பெட்டி பார்க்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கதை அத்தோடு நிற்கவில்லை. நிசாமும் சஃப்வானும் 2009இல் பிரிந்துபோய் வேறு நண்பர்களோடு அனிமொன்ஸ்டா என்ற கம்பெனியைத் தொடங்கி 2011இல் 'போபோய்போய்' என்ற தொடரைக் கொண்டுவந்தார்கள். (அதில் சிறுவனின் தாத்தா கொக்கோ பானம் விற்கும் கடைக்காரர். இவர்களுக்குக் கடைக்காரர்கள் மேல் ஏதோ ஒரு பிரியம்.) பின்னர் உசாமாவும் பிரிந்து வாவ் அனிமேஷன் மூலம் 'எஜென் அலி' செய்தார். 2019இல் போபோய்போயின் இரண்டாவது படமும் எஜென் அலியின் முதல் படமும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 கோடி ரிங்கிட் வசூலித்தன. பங்காளிகள் பிரிந்தால் நம்மூரில் ஒரு கடை மூடப்பட்டு இரண்டு வழக்கு திறக்கும். அங்கே ஒன்று மூன்றானது.

பெரிய முதல் போட்டால்தான் இதெல்லாம் நடக்கும் என்று சொல்பவர்களுக்குச் சென்னைக் கதை ஒன்று உண்டு. பெண்டாமீடியா கிராபிக்ஸ் 2000ஆம் ஆண்டில் ஆள் அசைவைக் கணனியில் பதிந்து 'சிந்துபாத்' படத்தையும், அதே ஆண்டில் 'பாண்டவாஸ்' படத்தையும் செய்த கம்பெனி. வேலை மட்டமானதல்ல. ஆனால் அதன் பங்கு கேத்தன் பாரேக்கின் பெயரோடு பேசப்பட்ட பத்துப் பங்குகளில் ஒன்றாகி வானத்துக்கு ஏறி, 2001இல் சந்தை விழுந்தபோது சேர்ந்து விழுந்தது. பிள்ளைகள் இன்றும் பெயர் சொல்லிக் கேட்கும் ஒரு பாத்திரம் அங்கிருந்து மிஞ்சவில்லை. லெஸ் கொபாக்கிடம் இரண்டு சின்னப் பையன்கள் மிஞ்சினார்கள்.

நம் நாட்டிலும் பார்க்கலாம். 1970களில் பத்திரிகைச் சித்திரமாகக் கமிலஸ் பெரேரா வரைந்த 'கஜமன்' 2023இல் முப்பரிமாணப் படமாகத் திரையேறியது. ஐம்பது வருடத்துப் பழைய சரக்கு!

ஆகவே பாத்திரம் யாருக்குச் சொந்தம் என்பதுதான் இந்தத் தொழிலின் உறுதிப் பத்திரம். வோல்ட் டிஸ்னியே இதில் அடிபட்டவர். 1927இல் அவர் செய்த ஒஸ்வால்ட் என்ற முயல் ஒப்பந்தப்படி யூனிவர்சல் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. 1928இல் கூடப் பணம் கேட்கப் போனவர் முயலையும் இழந்து, தம்மிடம் படம் வரைந்தவர்களில் பெரும்பாலானோரையும் இழந்து திரும்பினார். அதன் பிறகுதான் மிக்கி மவுஸ் பிறந்தது. தம் கையைவிட்டு எதுவும் போகாமல் அவர் பார்த்துக்கொண்டது அதற்குப் பின்புதான். முயலை அந்தக் கம்பெனி மீண்டும் வாங்கியது 2006இல். டிஸ்னி இறந்து நாற்பது வருடம் கழித்து.

நம் வர்த்தகர்களிடம் நான் கேட்பது இதைத்தான். இப்படிப்பட்ட இளைஞர்கள் கடைப்படி ஏறி வந்தால் ஸ்பொன்சர் என்று சொல்லி ஐயாயிரத்தை நீட்டி அனுப்பாதீர்கள். அது அவர்களை ரசீதுப் புத்தகத்தோடு வரும் நன்கொடைக்காரர்களின் வரிசையில் நிறுத்துகிறது. வேலை கொடுங்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம், படம் வரைந்து காட்டும்போது ஒரு பங்கு, முடித்துத் தரும்போது ஒரு பங்கு. எத்தனை வினாடி, எத்தனை தடவை திருத்தலாம், எத்தனை சீசனுக்குப் போடலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். விளம்பரம் உங்களுடையது, அதில் வரும் பாத்திரம் அவர்களுடையது என்றும் எழுதுங்கள். உங்களுக்குப் பாத்திரமும் வேண்டுமானால் அதற்குத் தனி விலை பேசுங்கள். கராச்சியில் மானோ என்ற சின்ன ஸ்டூடியோ 2016இல் இணையத்தில் ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே ஒரு இலட்சம் டொலருக்கு மேல் சேர்த்து, கையாலேயே வரைந்து, 2024இல் 'த கிளாஸ்வர்க்கர்' என்ற முழுநீளப் படத்தை வெளியிட்டது. முன்பணம் என்பது நம் தொழிலில் மட்டுமல்ல, எல்லாத் தொழிலிலும் மூச்சு.

பொடியன்களுக்கும் இரண்டு வார்த்தை சொன்னேன். ஒன்று, செய்ததை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று கட்டாயம் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும். உங்கள் ஸ்டோர் ரூம் எரிந்தால் காப்புறுதி கிடைக்காது. இரண்டாவது, அந்த அட்டையை விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பில் வியாபாரக் குறியாகப் பதியலாம். பத்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். டிசம்பரிலிருந்து மே வரை பாவா ஆதம் மலை சீசனுக்கு இந்த டவுன் வழியாக எத்தனை பஸ் போகிறது? தொப்பியும் ஸ்வெட்டரும் விற்கிற நமக்கு, "என்னை மிதிக்காதே" என்று பேசும் அட்டை போட்ட ஒரு டீ ஷேர்ட்டை விற்கத் தெரியாதா? ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்கு இத்தனை ரூபா என்று பேசி, நான் இரண்டு டசின் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். சாம்பிள்தான்.

விழா முடிந்து மூன்றாம் நாள் அந்த மேல்மாடி அறைக்கு ஏறிப் போனேன். 2021இன் மிச்சம் 20,000 ரூபா. பேசாமலே போட்ட மற்ற இரண்டு சீசனுக்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தார்கள். "பழைய வேலைக்கு எப்படி நானா காசு வாங்குறது?" என்றார் லயத்துப் பிள்ளை ஒருவர். கால் மணித்தியாலம் பேசித்தான் ஒரு தொகைக்கு வர முடிந்தது. விலையைக் கூட்டச் சொல்லி நான் பேரம் பேசியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

பற்றுச்சீட்டு கேட்டேன். ஐந்து வருடமாகத் தொழில் செய்கிறார்கள், பில் புத்தகம் இல்லை. படம் வரையும் தாள் ஒன்றைக் கிழித்துத் திகதி போட்டு, தொகையை எழுத்திலும் இலக்கத்திலும் எழுதி, மூவரும் கையெழுத்து வைத்தார்கள். மூலையில் சும்மா இருக்க முடியாமல் ஒருவர் என் தாடியையும் கண்ணாடியையும் மீண்டும் வரைந்துவிட்டார். அதைக் கணக்காளரிடம் எப்படிக் கொடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.